அப்பாவின் தோட்டாப் பெட்டி

சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நண்பர்கள் மூன்று ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். எழுத்தாளன் அல்லாத எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. லேத்தும் வெர்னியரும் தெரிந்த அளவுக்குப் பேனா தெரியாது. ஆனால் 2018-இல் அடுகோடியில் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது பரணிலிருந்து ஒரு மரப்பெட்டி இறங்கியது. அதைப் பற்றி எழுதத்தான் வேண்டும் என்று அன்றிலிருந்தே மனத்தில் இருந்தது. நம் குடும்பங்களில் பலருக்கும் வேலூர், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பூர்வீக வீடு உண்டு. அங்கேயும் இப்படி ஒரு பெட்டி பரணில் இருக்கலாம். ஆகவே சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

பெட்டிக்குள் இருந்தது வேறொன்றுமில்லை. என் அப்பா துப்பாக்கித் தோட்டா கட்டிய சாமான்கள். ஆம், வீட்டிலேயே தோட்டா கட்டினார். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கொள்ளைக்கூட்டமா என்று கேட்பார்கள். அப்பா மைக்கோ தொழிற்சாலையில் டர்னர். முறையாக லைசென்ஸ் வைத்திருந்தவர்.

அன்றைய அடுகோடி

மைக்கோ கம்பெனி 1951-இல் தொடங்கியது. 2008-இல் அதன் பெயர் பாஷ் என்று மாறியது. ஆனாலும் எங்களைப் போன்ற பழையவர்களுக்கு இன்றும் அது மைக்கோதான். அப்பா 1955-இல் தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வந்து வேலையில் சேர்ந்தார். அப்போது தேன்கனிக்கோட்டை சேலம் மாவட்டம். பிறகு தருமபுரி ஆகி, 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போயிற்று. ஓசூர் ரோட்டில் பஸ் பிடித்தால் சனிக்கிழமை மாலை புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு ஊர் போய்விடலாம். அதனால் அப்பாவுக்கு ஒரு கால் தொழிற்சாலையிலும் இன்னொரு கால் கேழ்வரகுக் கொல்லையிலும் இருந்தது. ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் என் பெரியப்பா.

அந்தப் பக்கம் காடு அதிகம். புலி வேட்டைக் கதைகள் எழுதிய பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சனைப் படித்தவர்களுக்கு ஜவளகிரி, அஞ்செட்டி என்ற பெயர்களெல்லாம் தெரிந்திருக்கும். எங்களுக்குப் புலியால் தொல்லையில்லை. காட்டுப் பன்றிதான் தொல்லை. கதிர் முற்றும் சமயத்தில் ஒரே இரவில் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போய்விடும். பரண் கட்டிக் காவல் இருக்க வேண்டும். பெரியப்பாவிடம் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. அப்பாவிடம் இருந்தது 20 போர் ஒற்றைக்குழல். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனது.

போர் என்றால் என்ன?

இந்த 12, 20 என்ற எண்கள் பலரைக் குழப்பும். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக 12 உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ அதுதான் 12 போர் குழலின் உள்ளளவு, சுமார் 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டைகளாக உருட்டினால் உருண்டை சிறிதாகும் அல்லவா? ஆகவே 20 போர் குழலின் உள்ளளவு 15.6 மில்லிமீட்டர்தான். எண் கூடக் கூடக் குழல் ஒடுங்கும். 28 போர் இன்னும் சிறியது, 14 மில்லிமீட்டர். நானூற்றுப் பத்து என்பார்களே, அது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது அங்குலத்தில் ஆயிரத்தில் 410 பங்கு. உருண்டைக் கணக்குப்படி பார்த்தால் ஏறக்குறைய 67 போர் ஆகும்.

இந்த 410-ஐ எங்கள் தெருவில் எல்லோரும் அறிவார்கள். அடுகோடியில் ஆயுதப்படைப் போலீஸ் குடியிருப்பு இருப்பதால் அண்டை அயலாரில் போலீஸ்காரர்கள் பலர். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியப் போலீசுக்கென்று 303 ரைபிளின் குழலை மாற்றி, உள்ளே மரை இல்லாத 410 மஸ்கட்டாக ஆக்கினார்கள். தோட்டா வைக்கும் பெட்டியில் மரக்கட்டை வைத்து அடைத்து, ஒவ்வொன்றாகத்தான் போட்டுச் சுட முடியும்படி செய்துவிட்டார்கள். துப்பாக்கி கலகக்காரர் கையில் சிக்கினாலும் அதிகம் பயன்படக்கூடாது என்ற எண்ணம். அதன் தோட்டாவும் 303 தோட்டாவின் கழுத்தை ஒடுக்காமல் விட்டது போல் இருக்கும். கடையில் விற்கும் சாதாரண 410 தோட்டா வேறு. எண் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஏன் வீட்டில் கட்டினார்கள்?

1957 வாக்கில் நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டு இறக்குமதி இறுகியது. அதுவரை இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்த ஈலி, கைனாக் தோட்டாக்கள் கடைகளில் அருகிப் போயின. 12 போருக்காவது புனே அருகில் கட்கி அரசுத் தொழிற்சாலைத் தோட்டா உண்டு. இருபது போர் வைத்திருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். கிடைத்தாலும் விலை அதிகம். மாதச் சம்பளக்காரர் ஒரு பன்றிக்கு இரண்டு தோட்டா செலவு செய்தால் கட்டுப்படியாகுமா?

அப்பாவோடு வேலை செய்த குடகு நண்பர் ஒருவர்தான் வழி காட்டினார். குடகர்களுக்குத் துப்பாக்கி குலதெய்வம் போல. செப்டம்பர் மாதத்தில் கைல்போது பண்டிகையன்று ஆயுதங்களுக்குப் பூ வைத்துப் பூஜை செய்வார்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் விதிவிலக்கு அவர்களுக்கு வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே உண்டு. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அந்த நண்பர் பித்தளைத் தோட்டாக் குப்பிகள் சிலவற்றைக் கொடுத்தார். காகிதத் தோட்டா இரண்டு மூன்று தடவையில் வாய் கிழிந்து போகும். பித்தளைக் குப்பியை எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பலாம்.

சட்டம் அந்நாளில் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டித்தான் அப்பா மருந்தும் கேப்பும் வாங்குவார். வாங்கியதைக் கடைக்காரர் புத்தகத்தில் குறித்துக் கொடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் அந்த வேலை நடக்கும். அம்மாவிடம் முதலில் கேட்கும் கேள்வி, "அடுப்பு அணைச்சாச்சா?" என்பதுதான். சாமி விளக்கைக் கூட மலையேற்றிவிட வேண்டும். பீடி பிடிக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தா அன்று எங்கள் வாசற்படி ஏறக்கூடாது. தரையில் பழைய ஜமுக்காளத்தை விரித்து அப்பா உட்காருவார். எதிரில் நான்.

சுட்ட குப்பிகளின் அடியிலிருந்து பழைய கேப்பைத் தட்டி எடுப்பது முதல் வேலை. குப்பிகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, முந்தின நாளே மொட்டை மாடியில் காய வைத்திருப்போம். பித்தளைச் சொம்பு போலப் பளபளக்கும். அது என் வேலை. அதில் எனக்குப் பெருமை. பிறகு புதுக் கேப்பு, அளவு கரண்டியால் மருந்து, அதன் மேல் அட்டை வில்லை, கம்பளி வில்லை, அப்புறம் ரவை, அதன் மேல் மெல்லிய அட்டை. பித்தளையின் வாயைக் காகிதம் போல மடக்க முடியாது. ஆகவே அட்டையைச் சுற்றி மெழுகு உருக்கி அடைக்க வேண்டும். மெழுகு உருக்குவது மட்டும் அம்மா, பின்கட்டில், தனியாக. மருந்து டப்பாவை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் மெழுகுக் கிண்ணம் உள்ளே வரும்.

பித்தளைக் குப்பியின் சுவர் மெல்லியது. ஆகவே அதே போருக்கான காகிதத் தோட்டாவின் வில்லை அதற்குள் தொளதொளவென்று ஆடும். சற்றுப் பெரிய வில்லை வேண்டும். இது கடைக்காரருக்கே தெரியாது. அப்பா லேத் பட்டறை ஒன்றில் சொந்தமாக ஒரு வெட்டுக் குழல் கடைந்து எடுத்துவந்தார். கிழிந்த கம்பளியிலிருந்து டக், டக் என்று வில்லை வில்லையாக வெட்டுவோம்.

மருந்து விஷயத்தில் மட்டும் அவர் என்னைக் கிட்டே விடமாட்டார். கரி மருந்து வேறு, புகையில்லா மருந்து வேறு. கரி மருந்துக்கென்று உள்ள கரண்டியால் புகையில்லா மருந்தை அள்ளிப் போட்டால் குழல் தாங்காது. பார்வைக்கு இரண்டும் கறுப்புப் பொடிதான். "தெரியாத பொடியைத் தொடாதே, தெரிந்த பொடியை இரண்டு தரம் பார்" என்பார்.

எல்லாம் முடிந்ததும் எண்ண வேண்டும். பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டில் தேதி, போர், எண்ணிக்கை, ரவை நம்பர் என்று பத்தி பிரித்து எழுதுவார். இருபது போர் தோட்டாக்கள் சிவப்புத் துணிப் பையில். பெரியப்பாவுக்காகக் கட்டிய 12 போர் தோட்டாக்கள் பிஸ்கட் டப்பாவில். எண்ணிப் போடுவது என் பொறுப்பு.

1963 கார்த்திகை

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்று 12 போர் இருபத்து நான்கும், 20 போர் பன்னிரண்டும் கட்டி முடித்திருந்தோம். தெருவில் பையன்கள் பம்பர விளையாட்டுக்கு என்னை அழைத்துக்கொண்டே இருந்தார்கள். ஊருக்குப் போகும் சித்தப்பா ஒருவர் டப்பாவை வாங்கிப் போக வாசலில் நின்றார்; பஸ்ஸுக்கு நேரமாயிற்று. நான் ஜமுக்காளத்தின் ஒரு பக்கம் கிடந்ததை டப்பாவிலும் மறுபக்கம் கிடந்ததைப் பையிலும் வாரிப் போட்டேன்.

அப்பா கேட்டார், "எண்ணிட்டியாடா?"

"எண்ணிட்டேன்பா" என்றேன். எண்ணவில்லை.

நான்காம் நாள் ஊரிலிருந்து ஆள் வந்தது. இரவுக் காவலில் பெரியப்பாவின் துப்பாக்கி வெடித்துவிட்டது. குழலைத் தாங்கிப் பிடித்திருந்த இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

நடந்தது என்ன என்று பின்னால் எல்லோரும் பேசியதைக் கேட்டுப் புரிந்துகொண்டேன். இருட்டில் பெரியப்பா இரண்டு குழலிலும் தோட்டா போட்டிருக்கிறார். பன்றி வந்ததும் வலது குழலின் விசையை இழுத்தார். டிக் என்று சத்தம் மட்டும். திறந்து தடவிப் பார்த்தால் குழலில் தோட்டா இல்லை. இருட்டில் கீழே விழுந்திருக்கும் என்று எண்ணி வேறொன்றைப் போட்டு மறுபடி இழுத்தார். அவ்வளவுதான்.

தோட்டா கீழே விழவில்லை. 20 போர் தோட்டா ஒன்று 12 போர் குழலில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், குழல் ஒடுங்கும் இடத்தில் அதன் விளிம்பு மாட்டி நின்றுவிட்டது. கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் எட்டாது. அதன் பின்னால் சரியான தோட்டா போட்டுச் சுட்டால் முன்னால் இருப்பதும் சேர்ந்து வெடிக்கும். வெடிக்கும் இடம் சரியாக இடது கை பிடிக்கும் இடம். துப்பாக்கி பழகியவர்கள் உலகம் முழுவதும் அஞ்சும் விபத்து இது. 16 போர், 28 போர் எதுவாயினும் கலந்து வைத்தால் ஆபத்துதான். ஆனால் இந்த 12, 20 ஜோடி போல் ஏமாற்றுவது வேறில்லை.

பெரியப்பா அதை விதி என்று எடுத்துக்கொண்டார். "பழைய துப்பாக்கி, குழல் இத்துப் போச்சு" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அவரே ஏற்றார். அதன் பிறகு அவர் தோட்டா கட்டவே இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் பெரியப்பா அந்தக் கையாலேயே எனக்கு நுங்கு வெட்டிக் கொடுப்பார். அதை வாங்கும்போது என் தலை நிமிராது. கூச்ச சுபாவம் என்று பெரியம்மா சொல்வார். பெரியப்பா 1978-இல் காலமானார். அப்பா 1989-இல்.

மஞ்சள் நிறத் தோட்டா

2012-இல் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற எஞ்சினியர். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ஸ்கீட் என்ற விளையாட்டில் பிரியமுள்ளவர். அந்தப் போட்டியில் 12, 20, 28, 410 என்று நான்கு போருக்கும் தனித்தனிப் பிரிவு உண்டாம். சிறு போர் தோட்டா கடையில் விலை அதிகம் என்பதால் கார் ஷெட்டில் ஒரு கைப்பிடி இயந்திரத்தை வைத்துத் தாமே கட்டிக்கொள்கிறார். அங்கே அதற்குச் சட்டத்தில் தடையில்லை. தையல் மெஷின் போல விற்கிறார்கள். கைப்பிடியை இழுக்க இழுக்கக் கேப்பு, மருந்து, பிளாஸ்டிக் கிண்ணம், ரவை, வாய் மடிப்பு எல்லாம் வரிசையாக நடக்கிறது. அறுபதுகளில் பிளாஸ்டிக் குப்பி பரவிய பிறகு புளியும் மெழுகும் தேவையில்லாமல் போய்விட்டன.

மேசையில் இருந்த தோட்டாக்களில் ஒரு குவியல் மட்டும் நல்ல மஞ்சள் நிறம். இது ஏன் என்று கேட்டேன். "இவை இருபது போர். 12 போரோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக 20 போருக்கு மட்டும் மஞ்சள் என்று கம்பெனிகள் வைத்துக்கொண்ட வழக்கம்" என்றார்.

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பயணக் களைப்பு என்று அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டில் எல்லாம் பித்தளை. எல்லாம் ஒரே நிறம். அதைப் பளபளவென்று தேய்த்து வைத்தவனும் நான்தான்.

பச்சை நோட்டு

இனி பெட்டிக்கு வருகிறேன். அப்பா தம் துப்பாக்கியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்படைத்துவிட்டார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் எதற்கு இந்த இரும்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் கொண்டு வைத்து மீட்பதும் அலுத்துவிட்டது. லைசென்ஸ் உள்ள கடையில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டார். ரசீது பெட்டியிலேயே இருந்தது. கூடவே வெட்டுக் குழல், கிட்டிக்கும் கட்டை, ஒன்பது பித்தளைக் குப்பிகள், மூடியில் துருப்பிடித்த ஒரு டப்பா, அதனடியில் பச்சை நோட்டு.

கடைசி எழுத்துள்ள பக்கத்தைப் புரட்டினேன். 12 போர் 24, 20 போர் 12 என்று அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. அதற்குக் கீழே, வேறு மையில், அப்பாவின் கையெழுத்து:

"பையில் 11 தான் இருக்கிறது. ஒன்று அண்ணன் டப்பாவில் போயிருக்கிறது. நான் திருப்பி எண்ணியிருக்க வேண்டும். பையனிடம் கேட்க வேண்டாம்."

ஐம்பத்தைந்து ஆண்டுகள் நான் சுமந்ததை அவரும் இருபத்தாறு ஆண்டுகள் சுமந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டு, இருவரும் பேசவில்லை. நான் எண்ணவில்லை என்பதை அறிந்தும், எண்ணாதது தம் குற்றம் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த ஞாயிறே தேன்கனிக்கோட்டைக்குப் போனேன். பெரியப்பாவின் மூத்த மகன், எனக்கு அண்ணன், இப்போது எண்பதை நெருங்குகிறார். நோட்டைக் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "சித்தப்பா எழுத்து முத்து முத்தா இருக்கும்பா" என்றார். "இருந்து சாப்பிட்டுட்டுப் போ" என்றார். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

துருப்பிடித்த அந்த டப்பாவில் மருந்தும் கொஞ்சம் கேப்பும் இருந்தன. நான் அதைத் திறக்கவில்லை. தெருவில் தெரிந்த போலீஸ்காரர் ஒருவரிடம் சொன்னேன்; அவர் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்தார். வந்து பார்த்து எழுதிக்கொண்டு எடுத்துப்போனார்கள். ஒரு தொந்தரவும் இல்லை.

உங்கள் ஊர் வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கியோ, தோட்டாவோ, மருந்தோ இருந்தால் இதைத்தான் செய்யுங்கள். குப்பையில் போடாதீர்கள், கொளுத்திப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள். லைசென்ஸ்காரர் காலமானால் துப்பாக்கி தானாக மகனுடையது ஆகிவிடாது. தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்து, வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அனுமதியின்றித் தோட்டா தயாரித்தால் குறைந்தது ஏழாண்டுச் சிறை. அப்பா செய்தாரே என்று யாரும் ஜமுக்காளம் விரித்துவிட வேண்டாம்.

வெட்டுக் குழலையும் பச்சை நோட்டையும் மட்டும் நான் வைத்துக்கொண்டேன். பேரன் வந்தால் வெட்டுக் குழலால் பழைய அட்டையில் வில்லை வெட்டிக் கேரம் போர்டுக்குக் காய் செய்கிறான். கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று. விளையாடி முடித்ததும் "எண்ணிட்டேன் தாத்தா" என்கிறான். சரி என்று சொல்லிவிட்டு, நானும் ஒரு முறை எண்ணிப் பார்த்துத்தான் டப்பாவை மூடுகிறேன்.